கஞ்சாக் கடையின் பெர்மிட்டை ரத்து செய்யலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு சிறிய நகரத்தில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். சென்ற ஆண்டு என்னை நகரத்தின் பிளானிங் கமிஷனில் (நிலப் பயன்பாடு, பெர்மிட் போன்றவற்றை முடிவு செய்யும் குழு) உறுப்பினராக நியமித்தார்கள். எங்கள் ஊரில் உள்ள ஒரு கஞ்சாக் கடையின் பெர்மிட்டை ரத்து செய்வது பற்றிய விசாரணை அடுத்த மாதம் எங்கள் முன் வருகிறது. அறிக்கையில் ஐந்து புகார்கள். வாகன நிறுத்தத்தில் புகை நாற்றமும் கூட்டமும். 21 வயது ஆகாதவர்களுக்கு இரண்டு முறை விற்றது (ஒன்று எட்டு மாதத்துக்கு முன், இன்னொன்று பத்து வாரத்துக்கு முன்). மூன்று காலாண்டு நகர வரி பாக்கி. 400 அடி தூரத்தில் சென்ற ஆண்டு திறந்த குழந்தைகள் காப்பகம். உரிமையாளர் மாறியதைச் சொல்லாமல் விட்டது. 600 பேர் கையெழுத்துப் போட்ட மனுவும் இருக்கிறது. எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் தினமும் இதே பேச்சு. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "கஞ்சா விக்கிறவனுக்கு என்னடி விசாரணை?" என்கிறார். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றுகிறது. ரத்து செய்யச் சொல்லி வாக்களிக்கலாமா?

பதில்: அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கஞ்சா என்றாலே போலீஸ், வழக்கு, சிறை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி இன்றும் அது கடுமையான குற்றம். அந்த நினைப்போடு ஒருவர் விசாரணை மேடையில் உட்கார்ந்தால், கடைக்காரர் வாய் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

கலிபோர்னியாவின் கதை வேறு. 1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 215-ஆம் முன்மொழிவு நோயாளிகளுக்கு வழி திறந்தது. 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 64-ஆம் முன்மொழிவு 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் அனுமதி தந்தது. 2018 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்பனை நடக்கிறது. ஆனாலும் "எங்கள் எல்லைக்குள் கடையே வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை மாநிலச் சட்டம் நகரங்களிடமே விட்டிருக்கிறது. பல நகரங்கள் அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. உங்கள் நகரம் வேண்டும் என்று ஆர்டினன்ஸ் (நகரம் இயற்றும் சட்டம்) போட்டுக் கடைக்கு பெர்மிட் கொடுத்தது. கஞ்சா விற்கலாமா என்ற கேள்வி அன்றே முடிந்துவிட்டது. அதை மாற்ற நினைப்பவர்கள் நகர மன்றத்தில் போய் ஆர்டினன்ஸை மாற்றும்படி கேட்கலாம். உங்களிடம் வந்திருக்கும் கேள்வி மிகச் சிறியது: இந்தக் கடை, இன்ன நாளில், இன்ன நிபந்தனையை மீறியதா? அதற்குச் சாட்சியம் இருக்கிறதா? இருந்தால், ரத்துதான் அதற்குத் தகுந்த தண்டனையா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைசியாக எழுதிய உரிமையாளர் மாற்றம் நிரூபணமானால் ரத்து செய்வது நியாயம். 21 ஆகாதவர்களுக்கு விற்றது நிரூபணமானால், ஆர்டினன்ஸ் வேறு மாதிரிச் சொல்லாதவரை, தற்காலிக நிறுத்தமும் கடுமையான நிபந்தனைகளும் போதும். வரி பாக்கிக்கு வசூல் வழிகள் இருக்கின்றன. நாற்றம், கூட்டம் பற்றிய புகார் இப்போதைய வடிவில் பலவீனமானது. குழந்தைகள் காப்பகம் பற்றியது புகாரே அல்ல.

காரணங்களுக்குப் போகும் முன் இன்றைக்கே செய்ய வேண்டியவை மூன்று. அந்த வாட்ஸப் குழுவிலிருந்து வெளியே வாருங்கள். அங்கே நீங்கள் படித்தது, எழுதியது இரண்டையும் நகர வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நீங்களே ஏதாவது எதிர்த்து எழுதியிருந்தால் இந்த விசாரணையிலிருந்து விலகுவது உத்தமம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் பிளானிங் கமிஷன் உறுப்பினர் ஒருவர், தன் முன் வரவிருந்த ஒரு கட்டுமானத் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்போர் சங்கச் செய்தி மடலில் எழுதினார். 2004-இல் நாஷா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் கலந்துகொண்ட முடிவை ஒருதலைப்பட்சம் என்ற காரணத்துக்காகவே செல்லாது என்றது. ஒரே ஒரு உறுப்பினரின் ஒரே ஒரு கட்டுரை அது. வாட்ஸப் செய்தி அதைவிட எளிதாகக் கையில் கிடைக்கும். கடையை "ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றும் தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே போயிருந்தால், என்ன பார்த்தீர்கள் என்பதை விசாரணை தொடங்கும்போது இரு தரப்புக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, உங்கள் வீட்டுக்கும் கடை இருக்கும் மனைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். சொந்த வீடு 500 அடிக்குள் இருந்தால் மாநில விதிப்படி உங்களுக்குப் பண நலன் இருப்பதாகவே கொள்ளப்படும். பொதுவாக நீங்கள் வாக்களிக்க முடியாது. 500 அடிக்கு மேல் 1,000 அடிக்குள் என்றால் வேறு அளவுகோல். அதையும் நகர வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவதுதான் அவசரம். மாநில விதிப்படி கஞ்சாக் கடை 24 மணி நேரமும் கேமராப் பதிவு எடுத்து, அதைக் குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும். 91-ஆம் நாள் அழித்தாலும் குற்றமில்லை. எட்டு மாதத்துக்கு முந்தைய விற்பனையின் பதிவு, போலீஸ் அன்றே நகல் எடுத்திருந்தால் ஒழிய, போயிருக்கும். பத்து வாரம் என்றால் 70 நாள். இன்னும் 20 நாள்தான் மிச்சம், விசாரணையோ அடுத்த மாதம். பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கடைக்குக் கடிதம் போயிருக்கிறதா என்று நகரச் செயலரிடம் எழுத்தில் கேளுங்கள். இரு தரப்புக்கும் நகல் போகட்டும். நீங்களே கடைக்கு எழுதாதீர்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்பவர், புலனாய்வு உங்கள் வேலையில்லை.

இனி புகார்கள். குழந்தைகள் காப்பகத்தைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடிக்குள் கடை கூடாது என்பது மாநில விதி. நகரம் விரும்பினால் வேறு தூரம் வைக்கலாம். அளப்பது மனை எல்லையிலிருந்து மனை எல்லைக்கு நேர்க்கோட்டில். நடந்து போகும் வழியை வைத்து அளப்பதில்லை. ஆனால் மாநில உரிமம் (நகர பெர்மிட்டோடு கடைக்கு இதுவும் வேண்டும்) கொடுத்த நாளில் அந்தக் காப்பகம் இருந்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடைக்குப் பிறகு வந்த காப்பகத்தால் கடை சட்டவிரோதமாகிவிடாது. உங்கள் ஆர்டினன்ஸில் வேறு வாசகம் இருந்தாலொழிய இதைப் பட்டியலிலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். பலவீனமான ஒரு காரணம் முடிவுக்குள் இருந்தால், பிறகு நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு முதலில் உலுக்குவது அதைத்தான்.

நாற்றமும் கூட்டமும். கடையில் விற்கும் சரக்கு எல்லாம் முன்பே பொட்டலம் கட்டி வர வேண்டும். சில்லறைக் கடைக்குள் பொட்டலம் கட்ட அனுமதி இல்லை. ஆகவே மூடிய கடையிலிருந்து தெரு வரை நாற்றம் வருகிறது என்றால், யாரோ பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள், அல்லது காற்றோட்டக் குழாயின் கரி வடிகட்டி கெட்டிருக்கிறது, அல்லது நாற்றம் கடையிலிருந்து வரவே இல்லை. பெரும்பாலும் மூன்றாவதுதான்: வாங்கியவர்கள் காரில் உட்கார்ந்தே பற்றவைக்கிறார்கள். பொது இடத்தில் புகைப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். அது புகைத்தவரின் குற்றம். கடையின் தவறாக அது மாற வேண்டுமானால் பெர்மிட்டில் "சுற்றுப்புறத்தைக் கண்காணிக்க வேண்டும், கூட்டம் கூடவிடக்கூடாது" என்ற நிபந்தனை இருக்க வேண்டும். காவலாளி இல்லாத நேரமும் நாளும் பதிவாகியிருக்க வேண்டும். போலீஸ் அழைப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். அந்த வளாகத்தில் வேறு கடைகளும் இருந்தால், எத்தனை அழைப்பு உண்மையில் இந்தக் கடைக்காக வந்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். முகவரி ஒன்றாக இருப்பதால் பக்கத்து மதுக்கடையில் நடந்த சண்டையும் இதன் கணக்கில் ஏறியிருப்பதுண்டு.

600 கையெழுத்தைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். அந்த மக்களின் கவலை உண்மையானது, மதிக்க வேண்டியது. ஆனால் கையெழுத்து சாட்சியம் ஆகாது. அதில் பத்துப் பேர் வந்து, "இன்ன தேதி, இன்ன நேரம், இதைப் பார்த்தேன்" என்று சொல்லி எதிர்த் தரப்பின் கேள்விக்கும் பதில் சொன்னால், 600 கையெழுத்தை விட அந்தப் பத்துக்கு எடை அதிகம்.

வயது விஷயம் கனமானது. இங்கே எதையும் லேசாக விடக்கூடாது. விற்கப்பட்டது நிரூபணமானால் கடை சும்மா போகக்கூடாது. ஆனால் எப்படி நிரூபணமாகிறது என்று பாருங்கள். போலீஸ் 21 வயது ஆகாத ஒருவரை வாங்க அனுப்பிச் சோதிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படி நடந்த சோதனையா, பெற்றோர் யாரோ சொன்ன செய்தியா? சோதனை என்றால் போனவரின் வயது என்ன, தன்னுடைய உண்மையான அடையாள அட்டையைக் காட்டினாரா, வாசலிலும் கல்லாவிலும் யார் பார்த்தார்கள், ரசீது எங்கே, 'மெட்ர்க்' என்ற மாநிலச் சரக்குக் கணக்கு மென்பொருளில் அந்த விற்பனை எந்த நேரத்தில் ஏறியிருக்கிறது? ரசீது நேரம், கேமரா நேரம், அந்தக் கணக்கின் நேரம் மூன்றும் பொருந்தினால் கடைக்குத் தப்ப வழியில்லை.

பலர் தவறவிடும் ஒரு நுணுக்கமும் உண்டு. கடையிடம் மருத்துவப் பயன்பாட்டுக்கான உரிமமும் இருந்தால், மருத்துவரின் பரிந்துரை வைத்திருக்கும் 18, 19, 20 வயதினர் சட்டப்படியே வாங்கலாம். "19 வயதுப் பையனுக்கு விற்றார்கள்" என்பது மட்டும் குற்றத்தை நிறுவாது. பரிந்துரை கேட்டார்களா, பார்த்தார்களா என்பதும் பதிவில் வர வேண்டும். வாங்கியவர் 18-க்குக் கீழ் என்றால் சாக்குக்கே இடமில்லை.

இரண்டு முறையும் நிரூபணமானால் என்ன செய்வது? ஆர்டினன்ஸில் தண்டனைப் படிக்கட்டு இருக்கும்: எச்சரிக்கை, அபராதம், தற்காலிக நிறுத்தம், ரத்து. இரண்டாவது முறைக்கே ரத்து என்று எழுதியிருந்தால் அதன்படி போங்கள். அப்படி இல்லையென்றால் 30 நாள் நிறுத்தம் என்பது என் யோசனை. வாசலிலும் கல்லாவிலும் அட்டை ஸ்கேனர், ஸ்கேன் ஆகாமல் கல்லா திறக்காதபடி மென்பொருள் பூட்டு, கடை மீண்டும் திறக்கும் முன் எல்லா ஊழியருக்கும் பயிற்சி, அடுத்த 12 மாதத்துக்குள் கடையின் செலவிலேயே குறைந்தது நான்கு சோதனைகள். அதில் ஒன்றில் தவறினாலும் ரத்து விசாரணை. முதல் தவறுக்குப் பிறகு கடை என்ன மாற்றியது என்று விசாரணையில் கேளுங்கள். எட்டு மாதத்தில் ஒன்றுமே மாற்றவில்லை என்பது பதிலாக வந்தால், என் யோசனையை விடக் கடுமையாகப் போக உங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

வரி பாக்கியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சரியாகக் கணக்குக் காட்டிவிட்டுக் கட்டாமல் இருக்கிறார்களா, கணக்கையே குறைத்துக் காட்டினார்களா? முதலாவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. கூட்டரசுச் (அமெரிக்க மத்திய அரசின்) சட்டத்தில் கஞ்சா தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்துவருவதால், கூட்டரசு வருமான வரிச் சட்டத்தின் 280ஈ பிரிவின்படி கடை வாடகையையும் சம்பளத்தையும் சாதாரண வியாபாரி போலச் செலவாகக் கழிக்க முடியாது. அதற்கு மேல் மாநில எக்சைஸ் வரி, விற்பனை வரி, நகர வரி. கையில் ரொக்கம் குறைந்தால் முதலில் தள்ளிப்போடுவது நகர வரியைத்தான். இது மன்னிக்கும் காரணம் இல்லை. ஆனால் தவணை ஒப்பந்தம், வட்டி, அபராதம் என்று வசூலிக்கும் வழிகள் இருக்க, கடையை மூடினால் பாக்கியை வசூலிப்பதே கடினமாகிவிடும். இரண்டாவது வேறு ரகம். கடையின் கல்லாப் பதிவு, மாநிலச் சரக்குக் கணக்கு, நகரத்துக்குக் கொடுத்த படிவம் மூன்றையும் காலாண்டு வாரியாகப் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை கேளுங்கள். மூன்றாவது எண் மட்டும் தொடர்ந்து குறைவாக இருந்தால் அது ஏமாற்று. ரத்துக்கு அது நல்ல காரணம்.

இப்போது உரிமையாளர் மாற்றம். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட இது கோபம் மூட்டியிருக்காது. ஆனால் பெர்மிட் என்பது ஒரு கட்டடத்துக்குக் கொடுத்தது அல்ல. கைரேகை எடுத்து, குற்றப் பின்னணி பார்த்து, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் குறிப்பிட்ட ஆட்களுக்குக் கொடுத்தது. அந்த ஆட்கள் பின்வாசல் வழியாகப் போய் வேறு ஆட்கள் வந்துவிட்டால், நகரம் யாரைச் சோதித்ததோ அவர் கடையில் இல்லை, யார் கடையில் இருக்கிறாரோ அவரை நகரம் சோதிக்கவே இல்லை. வயதுச் சோதனை, வரி, கேமரா எல்லாமே அந்த முதல் நம்பிக்கையின் மேல் நிற்பவை.

மாநில விதியில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ளவரும், பங்கு இல்லாவிட்டாலும் நிர்வாகத்தைக் கையில் வைத்திருப்பவரும் உரிமையாளர்தான். மாற்றம் நடந்தால் 14 நாளுக்குள் மாநிலக் கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளர் ஒருவராவது தொடர்ந்தால்தான் அந்த உரிமத்திலேயே கடை நடக்கலாம். எல்லோரும் விலகிவிட்டால் புதியவர்கள் புது உரிமம் வாங்க வேண்டும். நகர ஆர்டினன்ஸ்கள் பெரும்பாலும் இதைவிட இறுக்கமானவை: மாற்றத்துக்கு முன்பே நகரத்தின் ஒப்புதல் வேண்டும் என்பார்கள்.

மாற்றம் காகிதத்தில் பங்கு விற்பனையாக வராது. "நிர்வாக ஒப்பந்தம்" என்ற பெயரில் வரும். பழையவர் 51 சதவீதம் வைத்திருப்பார். ஆனால் லாபத்தில் பெரும்பங்கு ஒரு நிர்வாக நிறுவனத்துக்குக் கட்டணமாகப் போகும், ஆட்களை வைப்பதும் நீக்குவதும் அந்த நிறுவனம், வங்கிக் கையெழுத்தும் அவர்களுடையது. எனவே நகர ஊழியர்கள் இவற்றைப் பதிவில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்: கம்பெனியின் செயல்பாட்டு ஒப்பந்தமும் அதன் திருத்தங்களும், நிர்வாக ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தத்தில் பிணை நின்றவர் பெயர், மாநிலச் செயலரிடம் தாக்கல் செய்த கம்பெனித் தகவல் படிவம், வங்கிக் கையெழுத்து அதிகாரம், மாநிலத் துறையில் இப்போது பதிவாகியுள்ள உரிமையாளர் பட்டியல். கடைசி இரண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை என்றால் விடை கிட்டத்தட்ட கிடைத்துவிட்டது.

கடைத் தரப்பு இரண்டு பதில் சொல்லும். ஒன்று, "உரிமையாளர் இறந்துவிட்டார், மகன் பார்த்துக்கொள்கிறார்" போன்ற உண்மையான குடும்பச் சூழ்நிலை. அப்படியானால் ரத்து வேண்டாம். 30 நாளுக்குள் முறையான விண்ணப்பம் கேளுங்கள். இன்னொன்று, "படிவம் அனுப்ப மறந்துவிட்டோம்". பணம் எப்போது கைமாறியது, நகரத்திடம் அதற்குப் பிறகு புதுப்பித்தல் படிவத்தில் யார் பெயரில் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேளுங்கள். விற்ற பிறகும் பழையவர் பெயரிலேயே உறுதிமொழி கொடுத்திருந்தால் அதை மறதி என்று சொல்ல முடியாது. அங்கே நான் ரத்துக்கு வாக்களிப்பேன்.

விசாரணை நடக்கும் முறையிலும் நகரங்கள் தோற்றிருக்கின்றன. கடைக்கு எதிராக வாதாடும் நகர வழக்கறிஞரே உங்கள் காதில் சட்ட ஆலோசனையும் சொல்லக்கூடாது. பெவர்லி ஹில்ஸ் நகரம் ஒரு கேளிக்கை விடுதியின் பெர்மிட் விஷயத்தில் அப்படிச் செய்து 2003-இல் நைட்லைஃப் பார்ட்னர்ஸ் வழக்கில் தோற்றது. உங்களுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும் என்று இப்போதே கேளுங்கள். கடைக்குப் போன நோட்டீஸில் ஒவ்வொரு மீறலுக்கும் தேதி, ஆர்டினன்ஸ் பிரிவு, கேட்கும் தண்டனை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸில் இல்லாத புதிய புகார் விசாரணை மேடையில் முளைத்தால் அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். "பெர்மிட் ஆண்டுக்கு ஒரு முறைதானே, புதுப்பிக்காமல் விட்டால் போகிறது" என்று யாராவது குறுக்கு வழி சொல்லலாம். காஸ்டா மேசா நகரம் கோட் ஹில் என்ற பழைய மதுவிடுதிக்கு அப்படித்தான் செய்தது; நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தை அவ்வளவு சுலபமாக மூடிவிட முடியாது என்று 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. பெர்மிட் வெறும் சலுகை, சொத்துரிமை அல்ல என்று உங்கள் ஆர்டினன்ஸில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் நோட்டீஸும் நியாயமான விசாரணையும் கொடுத்தே தீர வேண்டும்.

முடிவை எழுதும்போது "பொது நலன் கருதி" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். சாட்சியத்திலிருந்து முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று காட்ட வேண்டும் என்பது 1974-இல் டோப்பாங்கா வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் வைத்த விதி. இப்படி இருக்கட்டும்: "இன்ன தேதியில் நிறுவனத்தின் நிர்வாக அதிகாரம் இன்னாருக்கு மாறியது (சான்று 6, பக்கம் 3). நகரத்தின் முன் ஒப்புதல் பெறப்படவில்லை (செயலரின் சாட்சியம்). அதன் பிறகு இன்ன தேதியில் பழைய உரிமையாளர் பெயரில் புதுப்பித்தல் உறுதிமொழி தரப்பட்டது (சான்று 9). இது இன்ன பிரிவை மீறியது. நகரம் பின்னணி சோதிக்காத ஒருவர் கடையை நடத்துவதை இடைக்கால நிறுத்தத்தால் சரிசெய்ய முடியாது, ஆகவே ரத்து." ஒவ்வொரு புகாருக்கும் தனித்தனியாக வாக்கெடுங்கள். நீதிமன்றத்தில் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். "இந்த ஒரு மீறலே ரத்துக்குப் போதுமானது" என்று நீங்கள் கருதினால் அதையும் வார்த்தையாகவே எழுதுங்கள்.

ரத்தான பிறகு நகர மன்றத்துக்கு மேல்முறையீடு இருக்கும். நகரத்தின் இறுதி முடிவு வந்தபின் கடை 90 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். அந்தக் கெடுவை முடிவுக் கடிதத்திலேயே எழுத வேண்டும். நகரம் ரத்தை மாநிலத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்த 60 நாளுக்குள் துறை மாநில உரிமத்தைப் பற்றிய நடவடிக்கையைத் தொடங்கும். முடிவு அமலுக்கு வரும் தேதியை அதே இரவு என்று வைக்காதீர்கள், 15 நாள் கொடுங்கள். அலமாரியில் இருக்கும் சரக்கைக் குப்பையில் போடவும் முடியாது, வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. உரிமம் உள்ள விநியோகஸ்தர் மூலம் திரும்ப அனுப்ப வேண்டும், அல்லது அடையாளம் தெரியாதபடி அழித்து மாநிலக் கணக்கில் பதிய வேண்டும். அந்த 15-ஆம் நாள் மாலை நகர ஊழியர் ஒருவர் கடைக்குப் போய், கணக்கில் இருப்பு பூஜ்யம் என்று காட்டும் அச்சுப் பிரதியை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள்.